நீர்ப்பை வலிக்கு நரம்புத் தூண்டல் கருவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிருமித் தொற்று ஏதும் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நீர்ப்பை வலியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். இடுப்பில் கருவி பொருத்தி நரம்பைத் தூண்டும் சிகிச்சையை அதில் போகிற போக்கில் குறிப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் சென்னையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த முறை இப்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 43. நீர்ப்பை நிறைய நிறைய அடிவயிற்றில் வலி கூடிக்கொண்டே போகிறது. சிறுநீர் கழித்ததும் சற்றுத் தணிந்து, அரை மணி நேரத்தில் மறுபடியும் தொடங்கிவிடுகிறது. இரவில் ஐந்தாறு முறை எழுந்திருக்கிறேன். தொற்று என்று சொல்லிப் பலமுறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கல்ச்சர் பரிசோதனையில் ஒருமுறைகூடக் கிருமி வளரவில்லை. பல ஆண்டுகள் அலைந்த பிறகுதான், தொற்று இல்லாமலே வரும் நீர்ப்பை வலி நோயான இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்று சொன்னார்கள். அமிட்ரிப்டிலின் மாத்திரையும், நீர்ப்பைக்குள் மருந்து செலுத்தும் சிகிச்சையும் ஓரளவுதான் பலன் தந்தன. இப்போது நரம்பைத் தூண்டும் கருவியை இடுப்பில் வைக்கலாம் என்கிறார் என் மருத்துவர். வைத்துக்கொண்டால் வலி முற்றிலும் போய்விடுமா?
– வாசகி, கொரட்டூர்

பதில்: முற்றிலும் போய்விடும் என்று யாரேனும் உறுதி சொன்னால், சகோதரி, அவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை. இந்தச் சிகிச்சை சிலருக்குப் பெரிய ஆறுதலைத் தருகிறது. சிலருக்குப் பாதி ஆறுதல். சிலருக்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் எந்தப் பிரிவில் வருவீர்கள் என்பதை நிரந்தரக் கருவி வைக்கும் முன்பே சோதித்துப் பார்க்க வழி இருப்பதுதான் இதன் சிறப்பு. மற்ற அறுவை சிகிச்சைகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது.

முதுகெலும்பின் அடியில், வாலெலும்புக்கு மேலே, சேக்ரம் என்னும் முக்கோண எலும்பு இருக்கிறது. அதிலுள்ள துளைகளின் வழியே வெளிவரும் நரம்புகளில் மூன்றாவது ஜோடி, நீர்ப்பைக்கும், மலக்குடலுக்கும், அவற்றைத் தாங்கி நிற்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கும் செல்கிறது. அந்த நரம்பின் அருகே நான்கு மின்முனைகள் கொண்ட மெல்லிய கம்பியைச் செலுத்தி, பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கடியில் வைக்கப்படும் சிறிய பேட்டரிக் கருவியோடு இணைக்கிறார்கள். கருவி பொதுவாக வினாடிக்கு 14 முறை மிகச் சிறிய மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். நீர்ப்பையிலிருந்து தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும் பொய்யான அவசரச் செய்திகளை இந்தத் துடிப்புகள் மட்டுப்படுத்துகின்றன. எப்படி மட்டுப்படுத்துகின்றன என்பது மருத்துவ உலகில் இன்னும் முழுமையாக விளக்கப்படவில்லை. நரம்பை மரக்கச் செய்வதோ வெட்டுவதோ இதில் இல்லை. கருவியை நிறுத்தினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இந்த முறையை வளர்த்தெடுத்தவர்கள் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எமில் டனாகோ, ரிச்சர்டு ஷ்மிட் என்னும் சிறுநீரியல் மருத்துவர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997இல், அடக்க முடியாமல் சிறுநீர் கசிவதற்கு இதை அனுமதித்தது; 1999இல் அடிக்கடி சிறுநீர் கழித்தல், அவசர உணர்வு, அடைப்பு இல்லாமலே சிறுநீர் தேங்குதல் ஆகியவற்றுக்கும் அனுமதி விரிந்தது. நீர்ப்பை வலி அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இதிலேயே அடங்கியிருக்கிறது. அடிக்கடி போக வேண்டியிருப்பதையும் அவசரத்தையும் இந்தக் கருவி நம்பகமாகக் குறைக்கிறது. வலியை அதே அளவு நம்பகமாகக் குறைப்பதில்லை. வலி குறைபவர்களில் பலருக்கு, அடிக்கடி ஓட வேண்டிய தொல்லையும் வலியும் பின்னிப் பிணைந்தே இருந்திருக்கின்றன. உங்களுடைய கடிதம் அந்த வகையைச் சேர்ந்தது. அந்த அளவில் நம்பிக்கை கொள்ளலாம். ஓட்டமும் அவசரமும் இல்லாமல் வலி மட்டுமே உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன்.

கருவியைப் பற்றி யோசிக்கும் முன் இரண்டு கேள்விகளை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முதலாவது, நீர்ப்பைக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி பரிசோதனையில் ஹன்னர் புண் காணப்பட்டதா என்பது. இந்நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நீர்ப்பையின் உட்சுவரில் சிவந்து காணப்படும் இந்தப் புண்களை, ஒரு நூற்றாண்டுக்கு முன்பு அமெரிக்க மருத்துவர் கை ஹன்னர் விவரித்தார். அவை இருந்தால், அந்த இடத்தை மட்டும் பொசுக்கியோ, அதில் ஸ்டீராய்டு ஊசி போட்டோ நல்ல நிவாரணம் தர முடியும். அதைச் செய்யாமல் கருவிக்குத் தாவுவது சரியில்லை. இரண்டாவது, காசநோய் இல்லை என்பது உறுதிசெய்யப்பட்டதா என்பது. நம் ஊரில் இதைக் கேட்காமல் விடக் கூடாது. சிறுநீரில் வெள்ளணுக்கள் இருந்து, வழக்கமான கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்றால், நீர்ப்பைக் காசநோய் இதே வேடத்தில் வந்திருக்கலாம். விடியற்காலைச் சிறுநீரைத் தொடர்ந்து சில நாட்கள் எடுத்துக் காசநோய்க் கிருமிக்காகத் தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டும் முடிந்துவிட்டன என்றால் மேலே போகலாம்.

இனி, சோதனைக் கட்டம். இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, தற்காலிகக் கம்பியை உள்ளே செலுத்திச் சில நாட்கள் பார்ப்பது ஒரு முறை. அந்தக் கம்பி எளிதில் நகர்ந்துவிடும் என்பது அதன் குறை. பின்னால் நிரந்தரமாகப் பயன்படப்போகும், பற்கள் போன்ற பிடிமானம் கொண்ட கம்பியையே முதலில் வைத்து, பேட்டரியை மட்டும் உடலுக்கு வெளியே இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ பார்ப்பது மற்றொரு முறை. வலி நோயாளிகளுக்கு இரண்டாவதே மேல் என்பது என் கருத்து. வலி நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பதால், மூன்று நான்கு நாட்களில் அதன் போக்கை எடைபோட முடியாது. கம்பியைச் செலுத்தும்போது மருத்துவர் எக்ஸ்ரே திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மின்துடிப்பு கொடுத்ததும் உங்கள் கால் கட்டைவிரல் மெல்ல மடங்குகிறதா, ஆசனவாயைச் சுற்றியுள்ள தசைகள் உள்ளிழுத்துச் சுருங்குகின்றனவா என்றும் பார்ப்பார். குறைந்த மின்னளவிலேயே இரண்டும் நிகழ்ந்தால் இடம் சரி. பிறகு உங்களுக்குப் பெண்ணுறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் மென்மையான துடிப்போ கூச்சமோ தெரியும். அது தொடைக்கோ பாதத்துக்கோ போனால், அல்லது சுருக்கென்று வலித்தால், உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அமைப்பை மாற்றிவிடலாம்.

இந்த இரண்டு வாரங்களில் கட்டு நனையக் கூடாது. குளிப்பதற்குப் பதில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் கத்திரி வெயில் நாட்களில் வியர்வையிலேயே கட்டு ஊறிவிடும், தொற்றுக்கு அதுவே வாசலாகும். அவசரம் இல்லையென்றால் மார்கழி, தை மாதங்களில் தேதி கேளுங்கள். நீரிழிவு இருந்தால் சர்க்கரை அளவு கட்டுக்குள் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது நீர்ப்பைக் குறிப்பேடு. சோதனைக்கு முன்பு மூன்று முழு நாட்களும், சோதனை நடக்கும் காலம் முழுவதும், ஒவ்வொரு முறையும் நேரம், எத்தனை மில்லி கழித்தீர்கள், அப்போது வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று எழுதுங்கள். அளவு குறித்த பிளாஸ்டிக் குவளை மருந்துக் கடையில் கிடைக்கும். அதைக் கழிப்பறையிலேயே வைத்துவிடுங்கள், பென்சிலையும் கூட. முன்பு ஒவ்வொரு முறையும் 70, 80 மில்லி என்று இருந்தது இப்போது 150ஐ எட்டுகிறதா, இரவில் எழுந்த எண்ணிக்கை குறைந்ததா, வலியின் எண் இறங்கியதா என்பதைத் தாள் சொல்லும். பாதிக்குப் பாதியாவது குறைந்திருந்தால்தான் நிரந்தரக் கருவி வைப்பது என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. வலி நோயாளிகள் ஓட்டத்தையும் வலியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஓட்டம் பாதியாகி, வலி அப்படியே இருந்தால், அந்த அளவு நிம்மதிக்காக ஒரு கருவியைச் சுமக்கச் சம்மதமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். நெடுங்காலம் துன்பப்பட்டவர்கள் சோதனையின் முதல் இரண்டு நாட்களிலேயே "நன்றாக இருக்கிறது, வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவது வழக்கம். மகிழ்ச்சிதான். ஆயினும் இரண்டு வாரமும் எழுதி முடியுங்கள்.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன்பு என் அம்மாவுக்கு இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். முதல் சில ஆண்டுகள் நன்றாக இருந்தார். சில மாதங்களாகப் பழைய வலி திரும்பிவிட்டது. அவருக்கு வயது 61. உடம்பு கருவிக்குப் பழகிவிட்டது, இனிப் பயன் இல்லை என்கிறார் உறவினர் ஒருவர். எடுத்துவிட வேண்டியதுதானா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: எடுத்துவிடும் முடிவு கடைசியாக வர வேண்டியது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை கத்தி வைக்காமலே பார்க்கக்கூடியவை.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும் செய்யுங்கள். இந்த வயதில் உண்மையான தொற்றே வந்திருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு அது அடிக்கடி வரும். பழைய நோய்தான் திரும்பியது என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுவதால், எளிதில் குணமாகக்கூடிய தொற்று கவனிக்கப்படாமலே போகிறது.

அடுத்தது பேட்டரி. ரீசார்ஜ் செய்ய முடியாத பழைய மாதிரிகளில் பேட்டரி பெரும்பாலும் மூன்று முதல் ஏழெட்டு ஆண்டுகள்தான் உழைக்கும். எவ்வளவு மின்னளவில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும். ஏழாவது ஆண்டில் வலி திரும்பியது என்றவுடன் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். கருவியின் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் மருத்துவமனையில் வைத்திருக்கும் புரோகிராமர் என்னும் சாதனத்தைத் தோலின் மேல் வைத்தாலே பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். அதே வேளையில் நான்கு மின்முனைகளின் மின்தடையையும் அளக்கச் சொல்லுங்கள். தடை மிக அதிகமாகக் காட்டினால் கம்பி எங்கோ முறிந்திருக்கிறது அல்லது இணைப்பு விலகியிருக்கிறது என்று பொருள். அம்மா அண்மையில் எங்கேனும் வழுக்கி விழுந்தாரா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். குளியலறையில் பிட்டம் அடிபடும்படி விழுந்த பிறகு கம்பி நகர்ந்துபோவது உண்டு. எக்ஸ்ரே ஒன்று எடுத்து, பொருத்திய காலத்து எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் விளங்கும். பழைய படத்தைப் பரணில் தேடி எடுங்கள்.

கம்பியும் பேட்டரியும் நன்றாக இருந்தால், எந்த மின்முனை நேர், எது எதிர் என்பதை மாற்றி, துடிப்பின் வேகத்தையும் அகலத்தையும் மாற்றி மறுபடியும் அமைக்கலாம். ஒரே அமர்வில் சரியாகாது. ஓர் அமைப்பில் இரண்டு வாரம் இருந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். உங்கள் உறவினர் சொல்வது போல உடல் பழகிப்போவதும் உண்மைதான். ஆனால் மற்ற காரணங்களை எல்லாம் தள்ளிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

நீண்ட காலத்தில் என்ன ஆகிறது என்பதற்கு நல்ல சான்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள மையம் ஒன்றிலிருந்து வந்தது. தங்கள் 14 ஆண்டு அனுபவத்தை அவர்கள் 2011இல் வெளியிட்டார்கள். நீர்ப்பை வலி நோயாளிகள் 78 பேருக்குச் சோதனை செய்து, 46 பேருக்கு நிரந்தரக் கருவி வைத்தார்கள். சராசரியாக ஐந்து ஆண்டு கடந்து பார்த்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 72 பேருக்குப் பலன் நீடித்தது. நூற்றுக்கு 28 பேருக்குக் கருவியை எடுத்துவிட வேண்டியிருந்தது. பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு காரணத்தால் மறு அறுவை தேவைப்பட்டது. அவசர உணர்வு உள்ளவர்களே கூடுதலாகப் பலன் பெற்றார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. இது ஒரே மையத்தின் கணக்கு. சோதனையில் தேறியவர்களின் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். எனினும் பாதிப் பேருக்கு மறு அறுவை என்னும் செய்தியைக் கருவி வைக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். "ஒருமுறை வைத்தால் போதும்" என்ற சொல் மருத்துவமனை வரவேற்பறைகளில் தாராளமாகப் புழங்குகிறது. அதனால்தான் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் ஏழாவது ஆண்டில் கருவி கைவிட்டுவிட்டது என்று மனம் உடைகிறார்கள். இந்தச் சிகிச்சையின் இயல்பே அவ்வப்போது கவனிக்கச் சொல்வது.

சேக்ரம் நரம்புக்குப் பதில் இடுப்புத் தளத்தின் முக்கிய நரம்பான புடண்டல் நரம்பின் அருகே கம்பியை வைப்பதும் உண்டு. முதல் வகையில் பலன் குன்றியவர்கள் சிலருக்கு அது உதவியிருக்கிறது. அதைச் செய்து பழகிய கைகள் குறைவு என்பதால், கடைசிப் படிகளில் ஒன்றாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். ரயிலில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை. விதைப்பைக்குப் பின்னாலும் அடிவயிற்றிலும் வலி. புராஸ்டேட் வீக்கம் என்று சொல்லி இரண்டு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறேன். இந்தக் கருவி ஆண்களுக்கும் வைப்பார்களா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஆண்களுக்கும் வைப்பார்கள். ஆனால் உங்களுக்கு அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆண்களின் நீர்ப்பை வலி பெரும்பாலும் புராஸ்டேட் என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பார்க்கப்படுகிறது. நீர்ப்பை நிறையும்போது வலி ஏறுகிறதா, கழித்தபின் இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் சந்தேகம் நீர்ப்பையின் பக்கம் திரும்ப வேண்டும். சிறுநீர் ஓட்டத்தின் வேகம், கழித்தபின் மிஞ்சும் அளவு, சிஸ்டோஸ்கோபி ஆகியவை தேவை. பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்தால் சிறுநீரில் புற்றணுக்கள் உள்ளனவா என்ற சோதனையையும் கேட்டு வாங்குங்கள். நீர்ப்பையின் உட்சுவர்ப் படலத்தோடு நிற்கும் ஒருவகைப் புற்றுநோயும் இதே வலியையும் அவசரத்தையும் தரும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது நிலைமையைக் கெடுக்கிறது. சிறுநீர் அடர்ந்தால் எரிச்சல் கூடும். ரயிலேறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நிறுத்திவிட்டு, அலுவலகம் சேர்ந்ததும் சிறிது சிறிதாக நாள் முழுவதும் குடியுங்கள். இடுப்புத் தளத் தசைகள் இறுகியிருந்தால் அவற்றைத் தளர்த்தக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். யூடியூபில் காட்டும், இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கிப் பழக்கும் கீகல் பயிற்சி இறுகிய தசையை மேலும் இறுக்கும், உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: கணுக்காலில் ஊசி வைத்து மின்சாரம் கொடுத்தாலே போதும், அறுவை தேவையில்லை என்கிறார்களே? எங்கள் பகுதி பிசியோதெரபி நிலையத்தில் டென்ஸ் மெஷின் வைத்துச் செய்கிறார்கள்.
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: உள்கணுக்கால் எலும்புக்கு மூன்று விரல் மேலே டிபியல் நரம்பு ஓடுகிறது. அதன் வேர்களில் ஒரு பகுதி, மேலே சொன்ன அதே சேக்ரம் நரம்புகளிலிருந்துதான் வருகிறது. அங்கே மெல்லிய ஊசியைச் செருகி, வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடம், மொத்தம் 12 வாரம் தூண்டுவது வழக்கமான முறை. பலன் கிடைத்தவர்கள் பிறகு மாதம் ஒருமுறை போல வந்து தொடர வேண்டும். அவசர உணர்வுக்கும் கசிவுக்கும் இதற்கு நல்ல சான்று உள்ளது. நீர்ப்பை வலிக்கு உள்ள ஆய்வுகள் சிறியவை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை.

இருந்தாலும் நான் இதை எதிர்க்க மாட்டேன். ஆபத்து மிகக் குறைவு, செலவும் குறைவு. ஊசி இல்லாமல், தோலின் மேல் ஒட்டுவில்லை ஒட்டி டென்ஸ் மெஷினால் செய்வதும் இதன் ஒரு வகைதான். வாரம் ஒருநாள் பாதி வேலை நாளை விட்டுவிட்டு வர முடியுமா என்பதே பலருக்கு உண்மையான தடை. பன்னிரண்டில் ஐந்தாறோடு நிறுத்திவிட்டுப் பலனில்லை என்பவர்களே அதிகம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. இது பலன் தராவிட்டால் இடுப்புக் கருவியும் பலன் தராது என்று பொருளில்லை.

கேள்வி: எனக்கு 29 வயது. சோதனைக் கட்டம் நல்ல பலன் தந்தது, நிரந்தரக் கருவிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்புதான் இருக்கிறது. கடைகளின் வாசலில் இருக்கும் பாதுகாப்புச் சோதனைக் கதவுச் சட்டத்தைக் கடக்கலாமா? பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் என்ன செய்வது? புளியும் காபியும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: குழந்தை பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் கருவியை நிறுத்திவைப்பதே பெரும்பாலான மருத்துவர்களின் வழக்கம். கருவுக்கு இதனால் தீங்கு என்று நிறுவப்படவில்லை என்றாலும், பாதுகாப்பானது என்று உறுதிசெய்யும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை. நிறுத்தினால் வலி திரும்பும், கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைகளும் குறைவு. இரண்டு ஆண்டுக்குள் குழந்தை வேண்டும் என்றிருந்தால், பெற்ற பிறகு கருவி வைப்பதைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். பிரசவம் எந்த முறையில் என்பதை மகப்பேறு மருத்துவரே முடிவுசெய்வார். சிசேரியன் என்றால், மின்கத்தி பயன்படுத்துவதற்கு முன் கருவியை நிறுத்த வேண்டும் என்று அறுவை அரங்கில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கலாம். எரியும் நிலையில் உள்ள அடுப்பின் மேடையில் இடுப்பைச் சாய்த்து நிற்க வேண்டாம், அவ்வளவுதான். தியாகராய நகர்க் கடைகளின் வாசல் சட்டத்தை இயல்பான நடையில் கடந்து செல்லுங்கள்; தோழிக்காகக் காத்துக்கொண்டு அதில் சாய்ந்து நிற்காதீர்கள். சில நேரம் துடிப்பு சட்டென்று கூடியது போலத் தெரியும். விமான நிலையத்தில் கருவியின் அடையாள அட்டையைக் காட்டினால் கையால் சோதிப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. விஷயத்தை அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். பழைய மாதிரிகளில் தலையை மட்டுமே, அதுவும் கட்டுப்பாடுகளோடு, எடுக்க முடியும். அண்மைக் காலக் கருவிகளில் உடல் முழுவதும் 1.5, 3 டெஸ்லா காந்த வலிமை கொண்ட இயந்திரங்களில் நிபந்தனைகளோடு எடுக்கலாம். உங்கள் வயதுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. இன்னும் ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட முதுகுக்கோ முழங்காலுக்கோ ஸ்கேன் தேவைப்படாது என்று யாராலும் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ.யை விட நான் அஞ்சுவது பிசியோதெரபி நிலையங்களில் முதுகுவலிக்கென்று சர்வசாதாரணமாக வைக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மி என்னும் வெப்பச் சிகிச்சை. அதன் வெப்பம் கம்பி வழியே நரம்பைச் சுட்டுவிடும். கருவி அணைத்திருந்தாலும் கூடாது, உடலின் எந்தப் பகுதியிலும் கூடாது. கருவி அட்டையைப் பணப்பையிலேயே வையுங்கள்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கருவி வைக்கும் இடத்தை அறுவைக்கு முன், நீங்கள் நின்றுகொண்டிருக்கும் நிலையில், வழக்கமாக உடுத்தும் உடையோடு குறிக்கச் சொல்லுங்கள். உள்பாவாடை நாடா இறுகும் கோட்டிலோ, ஜீன்ஸ் பட்டி அமரும் இடத்திலோ கருவி வந்துவிட்டால், அந்த இடம் நாள் முழுவதும் உறுத்திக்கொண்டே இருக்கும். கருவி இருக்கும் இடத்தில் வலி என்பது மறு அறுவைக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. அறுவைக்குப் பின் சில வாரங்களுக்குக் குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, இடுப்பை முறுக்கும் ஆசனங்கள் எல்லாம் வேண்டாம். கம்பி திசுவில் ஊன்றிக்கொள்ள அந்தக் காலம் தேவை.

புளி, காபி: உணவு நீர்ப்பைக்குத் தரும் எரிச்சலைக் கருவி மாற்றாது. சிலருக்குப் பொறுக்கும் அளவு கூடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சிறிதளவு சேர்த்து, மூன்று நாள் பாருங்கள்.

கேள்வி: செலவு மிக அதிகம் என்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் கிடைக்குமா? ரீசார்ஜ் வகை நல்லதா, மற்றது நல்லதா?
– வாசகர், ஆவடி

பதில்: பில்லில் பெரும்பங்கு கருவியின் விலையே. அரசுத் திட்டமோ தனியார் காப்பீடோ, கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் குறிப்பிட்டு, முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே தேதி குறியுங்கள். சோதனைக் கட்டம், நிரந்தரக் கட்டம் என்று இரண்டு அறுவைகள் இருப்பதால் இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும். சோதனை தோல்வியடைந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள்.

ரீசார்ஜ் வகை சிறியது, 15 ஆண்டு வரை உழைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை சார்ஜரை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ரீசார்ஜ் தேவையில்லாத புதிய மாதிரிகளும் பத்து ஆண்டைத் தாண்டும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். கைபேசியைத் தவறாமல் சார்ஜ் செய்யும் முப்பது வயதுக்காரருக்கு முதலாவது பொருந்தும். தனியாக வாழும் எழுபது வயதுப் பெரியவருக்கு இரண்டாவது.

விலையைவிட முக்கியமாக ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நிறுவனத்தின் புரோகிராமரும், அதை இயக்கத் தெரிந்தவரும் சென்னையிலேயே நிரந்தரமாக இருக்கிறார்களா, அல்லது அறுவை நாளன்று மட்டும் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களா? அமைப்பை மாற்ற வேண்டி வரும்போது யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது, எத்தனை நாளுக்குள் வருவார்கள் என்பதை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.